யார், யாரிடம் பேசுகிறார்கள்?

கேள்வி: வியட்நாமில் ஆங்கில வினையுரிச்சொல் ஒன்றை எடுத்து, அதைப் பல வாக்கியங்களில் அமைத்து, பக்கத்திலேயே வியட்நாமிய மொழிபெயர்ப்பையும் அச்சிட்டுப் பாடம் நடத்துகிறார்களாம். மொழி கற்க இது நல்ல வழியா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: நல்ல வழிதான். வியட்நாமிய மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. நேற்றுச் சாப்பிட்டாலும் நாளை சாப்பிட்டாலும் 'அன்' என்ற ஒரே சொல். காலத்தைச் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் சின்னச் சொற்களைச் சேர்ப்பார்கள்: வினைக்கு முன் 'டா' வந்தால் முடிந்தது, 'ஸே' வந்தால் இனிமேல். இப்படிப் பேசி வளர்ந்த மாணவனை ஈட், ஏட், ஈட்டன் என்று மிரட்டுவதைவிட 'ஆல்ரெடி'யில் தொடங்குவது எவ்வளவோ மேல். வாக்கியக் கடைசியில் 'ரோய்' என்று சேர்த்து வீட்டில் நாள் முழுதும் அவன் பேசுவதுதான் அது.

மொழிபெயர்ப்பில்தான் எனக்குச் சண்டை. 'நான் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன்' என்ற வாக்கியத்தில் 'நான்' யார்? வியட்நாமியருக்கு இது பெரிய கேள்வி. அண்ணனிடம் பேசும் தம்பி தன்னை 'எம்' என்பான். அதே பையன் அப்பாவிடம் 'கோன்', அதாவது பிள்ளை. அப்பாவும் 'நான்' என்னாமல் 'அப்பா சாப்பிட்டாயிற்று' என்பார். நம் வீடுகளிலும் 'அப்பா சொல்கிறேன், கேள்' என்கிறோமே, அந்தப் பழக்கம் அங்கே இலக்கணமாகவே நிற்கிறது. பாடப்புத்தகமோ எல்லா வரியிலும் 'தோய்' என்ற பொதுச் சொல்லைப் போட்டு நகர்ந்துவிடுகிறது. பெற்ற தகப்பனிடம் 'தோய்' என்று பேசும் பிள்ளை கோபித்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள்! எந்த மொழிக்கு எழுதினாலும் சரி, யார் யாரிடம் பேசுகிறார் என்று ஒரு வரி போடாத எடுத்துக்காட்டு வாக்கியம் அரை வாக்கியம். நம் ஊர் நோட்ஸ் புத்தகங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

வரிக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பு என்றதும் லிஸ்பன் நினைவுக்கு வருகிறது. 1554இல் அங்கே அச்சான கிறித்தவ வினாவிடை நூலில் தமிழ் வரிகளோடு போர்த்துகீசியப் பொருளும் உண்டு. ஆனால் தமிழ் ரோமன் எழுத்தில் இருந்தது. 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்ஸ் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். வியட்நாமின் பாதை வேறு. 1651இல் ரோமில் அலெக்சாந்தர் தெ ரோத் என்ற பாதிரியார் வெளியிட்ட வியட்நாமிய, போர்த்துகீசிய, லத்தீன் அகராதி ரோமன் எழுத்தில் வந்தது. நாளடைவில் அதுவே நாட்டின் எழுத்தாயிற்று.

தமிழையும் ரோமன் எழுத்தில் எழுதிவிடலாம் என்று வாதாடுகிறவர்கள் இந்தப் பக்கத்துக்குப் பழைய எதிரிகள். தப்பாமல் வியட்நாமைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள்: ரோமன் வந்தது, எல்லோரும் படித்தார்கள் என்று. அகராதி 1651இல் வந்தது. 1945இலும் அந்நாட்டில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலைமையை மாற்றியது அந்த ஆண்டு செப்டம்பரில் ஹோ சி மின் அரசு தொடங்கிய எழுத்தறிவு இயக்கம். ஊர் ஊராக இரவு வகுப்புகள், சம்பளமில்லாத ஆசிரியர்கள். 'ஓ' கோழிமுட்டைபோல் உருண்டை, தொப்பி போட்டால் ஓர் எழுத்து, மீசை வைத்தால் இன்னோர் எழுத்து என்று பாட்டாகவே பாடி உயிரெழுத்துகளைப் பதியவைத்தார்கள். சந்தை வாசலில் பலகையை நீட்டி வாசிக்கச் சொல்வார்கள். தெரியாதவர் 'குருட்டு வாசல்' வழியாகப் போக வேண்டும். அந்தக் கெடுபிடியை நான் ஏற்கவில்லை, ஊக்கத்தை வணங்குகிறேன். இன்னொரு பக்கம், முன்னோர் நோம் என்ற பழைய, சீன எழுத்துச் சாயலுள்ள எழுத்தில் எழுதிய காவியத்தை மூல வடிவில் படிக்க இன்றைய வியட்நாமியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். இந்த விலையை ரோமன் கட்சியார் சொல்வதே இல்லை.

கேரளம் 1991இல் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது, சொந்த எழுத்தை வைத்துக்கொண்டே. இதற்குப் பதில் வைத்திருக்கும் ரோமன் கட்சியார் எழுதுங்கள்; அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.