34 சதவீதத்தில் அணைந்துபோகும் புதிய பேட்டரி

கேள்வி: என் லேப்டாப்புக்கு ஐந்து வயது ஆகிறது. பழைய பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காததால், இணையத்தில் 2,300 ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினேன். பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தது. இன்று ஆறாம் நாள். நூறிலிருந்து ஒழுங்காக இறங்கி வருகிறது. 34 சதவீதம் வந்ததும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் லேப்டாப் அணைந்துவிடுகிறது. விற்றவரோ, "பேட்டரியில் குறை இல்லை, விண்டோஸை மறுபடி நிறுவுங்கள்" என்கிறார். செய்யலாமா? - வாசகி, திருச்சி

பதில்: செய்யாதீர்கள். அதில் ஒரு நாள் போய்விடும். உங்கள் கையில் இருப்பதே நான்கு நாள்தான்.

திரையில் தெரியும் சதவீதத்துக்கு மூலம் விண்டோஸ் அல்ல. பேட்டரிக்குள்ளேயே ஒரு சிறிய சிப் இருக்கிறது. அது சொல்வதைத்தான் விண்டோஸ் வாங்கிக் காட்டுகிறது. அந்தச் சிப்பாலும் மிச்சத்தை நேரடியாக அளந்துவிட முடியாது. லித்தியம் செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும். அதன் பிறகு நெடுநேரம் 3.7 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் சட்டென்று விழும். நடுவில் வோல்ட்டேஜை மட்டும் பார்த்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் உள்ளே போன மின்சாரம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று சிப் வரவு செலவு எழுதிக்கொண்டே வருகிறது. புதிய பேட்டரியில் அந்தக் கணக்கு பிசகியிருக்கலாம். ஒரு முறை முழுதாக நிறைந்து முழுதாகத் தீர்ந்தால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அஞ்சுவது வேறொன்றை. பேட்டரியின் மேல் 41 வாட்-மணி (அது கொள்ளும் மின்சாரத்தின் அளவு) என்று அச்சிட்டிருக்கிறது, சிப்பிலும் அதையே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் செல்கள் பழையவை, 27தான் கொள்ளும். 27 தீர்ந்தவுடன் லேப்டாப் அணைந்துவிடும். சிப்பின் கணக்கிலோ இன்னும் 14 மிச்சம். 41-இல் 14 என்பது 34 சதவீதம்!

இரண்டில் எது என்று நாளைக்குள் தெரிந்துகொள்ளலாம். முதலில் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ சோதனையே வேண்டாம். அணைத்துவிட்டுத் திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்குங்கள். உப்பிய பேட்டரியைக் குத்துவதும் அழுத்துவதும் தீப்பிடிக்கவே வழிசெய்யும்.

உப்பல் இல்லையென்றால், விண்டோஸில் கட்டளை தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' என்ற சொல், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி (கொள்ளும் என்று எழுதி வைத்த அளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது கொள்வதாகச் சிப் கணக்கிடும் அளவு) என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை வாட்-மணியின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிவாட்-மணியில் இருக்கும்; 41 வாட்-மணி என்பது 41,000. பிறகு நூறு சதவீதம் ஏற்றி, மேலும் இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். தானாகத் தூங்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, சார்ஜரைக் கழற்றி, நேரத்தைக் குறித்துக்கொண்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். அணைந்த பின் மறுபடி இயக்கி, விண்டோஸுக்குள் போகாமல், அதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸிலேயே விட்டுவிடுங்கள்; மிச்சம் மீதி இருந்தால் அங்கே தீரும். இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, இடையில் நிறுத்தாமல் முழுதாக ஏற்றி, அறிக்கையை மறுபடி எடுங்கள். (ஒன்றிரண்டு முறைக்கு மேல் இது வேண்டாம். அடிக்கடி அடிமட்டம் வரை தீர்ப்பது லித்தியம் செல்லுக்குக் கெடுதல்.)

இப்போது ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 41,000-ஐ ஒட்டி நின்று, மறுபடி சார்ஜரைக் கழற்றி ஓட்டும்போது சதவீதமும் ஐந்து வரை சீராக இறங்கினால் பேட்டரி நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். எண் சற்றும் மாறாமல், மறுபடியும் 34-இலேயே அணைந்தால் திருப்பிவிடுங்கள்.

பலர் ஏமாறுவது மூன்றாவது நிலையில்தான். 34-இல் அணைவது நின்றுவிடும். சதவீதம் அழகாக ஐந்து வரை இறங்கும். ஆனால் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 27,000 என்று காட்டும். "சரியாகிவிட்டது" என்று விற்றவர் சொல்வார், நீங்களும் நம்பிவிடுவீர்கள். சரியானது கணக்கு மட்டுமே. ஒரு வார வயதுள்ள பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்றால், அது படியளவில் குறைத்துப் போட்ட அரிசி. அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

சோதனை முடியட்டும் என்று காத்திருக்காமல், திருப்பி அனுப்பும் கோரிக்கையை இன்றே அந்தத் தளத்தில் எழுத்து மூலமாகப் பதிவு செய்யுங்கள். தொலைபேசிப் பேச்சு சாட்சியாகாது. லேபிளின் படம், 34-இல் அணையும் காணொளி ஆகியவற்றை இணையுங்கள்; சோதனை முடிந்ததும் இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துவிடுங்கள். லேபிளில் 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் விற்கும் லேப்டாப் பேட்டரிக்கு அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; இந்தத் தொகைக்குக் கட்டணமே கிடையாது.

கேள்வி: புதிய பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் ஏறவே இல்லை. இதுவும் குறைதானா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் இல்லை. பேட்டரி நீண்ட நாள் உழைப்பதற்காகச் சார்ஜை 60 அல்லது 80-இல் நிறுத்தும் அமைப்பு பல லேப்டாப்புகளில் உண்டு. லெனோவோவில் அதன் பெயர் கன்சர்வேஷன் மோட். அதை அணைத்துப் பாருங்கள். நூறைத் தொட்டுவிட்டால் மறுபடி இயக்கிவிடுங்கள். மேசையில் சார்ஜரோடு வேலை செய்பவருக்கு 80 போதும்.