பேஸ் எங்கே போச்சு?

கே: வீட்டு கராஜிலேயே எட்டுப் பாட்டுள்ள ஹெவி மெட்டல் ஆல்பம் பதிவு செய்கிறோம். கிட்டார் டிராப் சி ட்யூனிங் (கம்பிகளைத் தளர்த்தி, தடித்ததை சி சுரம் வரை இறக்கியது). மிக்ஸில் பேஸ் கிட்டார் கேட்கவே இல்லை. கூட்டினால் எல்லாம் கொழகொழக்கிறது.
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

ப: கிட்டாரை முதலில் கவனியுங்கள். டிராப் சி-யில் அதன் தடித்த கம்பி 65 ஹெர்ட்ஸ். பேஸின் சி 33 என்றாலும் அதன் மேற்சுரம் விழுவது அதே 65-இல். இரண்டும் ஒரே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சங்கதியை, வாசித்தால் கிட்டார் விழுங்கிவிடும். மெட்டாலிகா இசைக்குழு 1988-இல் வெளியிட்ட ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பேஸைத் தேடி ரசிகர்கள் இன்னும் அலுத்துக்கொள்கிறார்கள். அதில் பேஸ் ரிஃபோடு ஒட்டி ஓடுகிறது. போதாததற்கு மிக்ஸிலும் இறக்கிவிட்டார்கள்.

கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். தனியாகக் கேட்டால் சோனியாகத் தெரியும், பரவாயில்லை. யாரும் தனியாகக் கேட்கப்போவதில்லை. பேஸ் டிராக்கைப் பிரதியெடுத்து, ஒன்றில் 200-க்கு மேல் வெட்டி, டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) இல்லாமல் கம்ப்ரெஸரால் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) இறுக்குங்கள். மற்றதில் 250-க்குக் கீழே வெட்டி டிஸ்டார்ஷன் போட்டு, 800–1,000 பக்கம் கொஞ்சம் தூக்குங்கள். கம்பியின் கரகரப்பு அங்கேதான் இருக்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் என்று காதில் விழுவதும் அதுதான். இரண்டையும் சேர்த்ததும் ஒலி மெலிந்தால், டிஸ்டார்ஷன் பிளக்இன் அந்த டிராக்கைத் தாமதப்படுத்தியிருக்கலாம். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, நகர்த்திப் பொருத்துங்கள்.

கே: ஒரே கிட்டார் டிராக்கை காப்பி செய்து இடமும் வலமும் போட்டோம். அகலம் வரவில்லையே?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

ப: வராது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றென்றால் காதுக்கு நடுவில்தான் கேட்கும். கோயிலில் இரட்டை நாயனம் ஒரே சங்கதியை வாசித்தாலும் மயிரிழை விலகும். கனம் அந்த விலகலில் பிறக்கிறது. ஆகவே இரண்டாம் முறை புதிதாக வாசித்துப் பதியுங்கள். மேடையில் வைக்கும் கெயின் (டிஸ்டார்ஷனைக் கூட்டும் அளவு) இங்கே அதிகம். இரண்டு டிராக் சேரும்போது டிஸ்டார்ஷனும் கூடி, பிக் அடி மழுங்கும். 10–46 கம்பி செட் (எண்கள் மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன்) டிராப் சி-க்குத் தொய்யும்: அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். 11–54 போடுங்கள். டர்பன் கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் இரண்டு பாட்டுக்கு ஒரு செட் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனர்.

கே: பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் ஆல்பத்துக்கு ஒன்று போதுமா?

ப: போதாது. ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண். எட்டுப் பாட்டுக்கு எட்டு. தென்னாப்பிரிக்காவில் இசைப்பதிவு நிறுவனங்களின் ரிசா அமைப்பு தருகிறது. பாட்டு இயற்றியவர், இசை உரிமைகளைக் கவனிக்கும் சாம்ரோ அமைப்பில் சேர்வது வேறு வேலை, அதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.