சுவரில் ஏறியது கட்டுவிரியனா?

கேள்வி: இரவு குளியலறைச் சுவரில், டியூப்லைட் பக்கத்தில் ஒரு முழ நீளப் பாம்பு. பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். கட்டுவிரியன், அடியுங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அதற்குள் ஓட்டு இடுக்கில் நுழைந்துவிட்டது. நாங்கள் தரையில் படுப்பவர்கள். என்ன செய்வது?
(வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: அம்மா, பழுப்பு உடம்பு, சுவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது வெள்ளிக்கோல் வரையனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விளக்கடியில் கூடும் பல்லிகளைத் தேடி வரும், நஞ்சில்லாதது. கட்டுவிரியன் என்று அடித்து என்னிடம் ஒரு வாளியில் கொண்டுவந்தார்கள் ஒருமுறை. நசுங்கிய வாயில் பல்லிவால் தொங்கியது. இன்றும் மனதை உறுத்தும் காட்சி அது.

அடுத்த முறை ஆறடி தள்ளி நின்று, செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வரையனுக்குப் பட்டை கழுத்தை ஒட்டியே தொடங்கும், வால் பக்கம் போகப்போக மங்கும். வளர்ந்த கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலைக்குப் பின் கொஞ்ச தூரம் வெறும் கறுப்பு, அப்புறம் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக வால்வரை பளிச்சென்று ஓடும். உடம்பு எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கும். நடுமுதுகில் ஒரே வரிசையாகப் பெரிய அறுகோணச் செதில்கள் இருக்கும்; வரையனுக்கு அவை கிடையாது. குட்டிக் கட்டுவிரியனுக்கு முன்பக்கமும் பட்டை தெரியும், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சந்தேகம் வந்தால் நஞ்சுள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையால் தொட வேண்டாம். தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள்.

நீங்கள் தரையில் படுப்பதுதான் எனக்குக் கவலை. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தூங்குகிறவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், பல் தடமும் தெரியாமல் இருக்கலாம். விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி, கண்ணிமை தூக்க முடியாமல் சொருகுவது, இதையெல்லாம் அஜீரணம் என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒன்றே. பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை.

இன்றிரவே கட்டில் வாங்க முடியாவிட்டாலும் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். குளியலறைத் தண்ணீர்த் துளைக்குச் சின்னக் கண் சல்லடை போடுங்கள். சுவரோரம் அடுக்கிய செங்கல், விறகைப் பகலில், நீளக் கோலால் தட்டிப் பார்த்தபின் அகற்றுங்கள்.