வாசகர் கேள்வி – பதில்: ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதிலை நம்பலாமா?

கேள்வி: நாங்கள் நால்வர் சென்னையில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு, 2020 ஊரடங்கின்போது ஊர் திரும்பியவர்கள். வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி பணிபுரியும் அலுவலகக் குழுவினர் ஜூம் வழியாகக் கூடி ஆடும் புதிர் விளையாட்டு ஒன்றை நடத்துகிறோம். களவுபோன ஐம்பொன் சிலையை, ஐந்தைந்து பேராகப் பிரிந்து, ஒரு மணி நேரத்துக்குள் துப்பறிந்து மீட்க வேண்டும். ஆடியவர்கள் மனமாரப் பாராட்டுகிறார்கள். ஆனால் எங்கள் இணையதளத்துக்கு வருபவர்களில் மிகச் சிலரே பதிவுப் படிவத்தை நிரப்புகிறார்கள். நிறங்களை மாற்றி, முகப்பில் வீடியோ ஒன்றைச் சேர்க்கலாம் என்கிறார் வடிவமைப்பாளர். அதற்குமுன் பயனர் ஆய்வு செய்யுங்கள் என்கிறார் ஒரு நண்பர். எங்களைப் போன்ற சிறு குழுவால் அது முடியுமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும், நண்பர் சொல்வதே சரி. நிறத்தில்தான் குறை என்பதற்கு உங்கள் வடிவமைப்பாளரிடம் என்ன சான்று இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. பாராட்டுபவர்கள் விளையாடியவர்கள், படிவத்தை நிரப்பாமல் போகிறவர்களோ விளையாட்டை ஏற்பாடு செய்ய வந்தவர்கள். பெரும்பாலும் மனிதவளப் பிரிவில் இருக்கும் ஒருவர், அல்லது ‘இந்த மாதம் நீயே ஏதாவது ஏற்பாடு செய்’ என்று மேலாளரால் பணிக்கப்பட்ட ஒருவர். நம் பக்கத்துக் கல்யாணங்களில் சமையல்காரரை அமர்த்தப் போகும் பெண்வீட்டார், சாம்பாரின் ருசியை மட்டுமா விசாரிக்கிறார்கள்? மூன்றாம் பந்திக்குப் பாயசம் குறைந்துவிட்டால் பேச்சு வாங்கப்போவது தாங்கள்தான் என்ற கவலையோடு, ‘கடைசியாக எந்த வீட்டில் செய்தீர்கள், எத்தனை இலை விழுந்தது’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உங்கள் இணையதளத்துக்கு வருபவருக்கும் அதே கவலைதான். நாற்பது சக ஊழியர்கள் முன்னிலையில் விளையாட்டு சொதப்பினால் தலைகுனிவு அவருக்கு. உங்கள் முகப்புப் பக்கம் சிலையின் மர்மத்தைப் பற்றி மட்டுமே பேசினால், ருசியை மட்டும் பேசும் சமையல்காரரின் நிலைதான் உங்களுக்கும். இதுவும் என் ஊகமே. இதைச் சரிபார்க்கத்தான் ஆய்வு.

முதலில் ஆறு முதல் எட்டுப் பேரிடம் தனித்தனியே அரைமணி நேரம் பேசுங்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்கள், விலை கேட்டுவிட்டு மறைந்துபோனவர்கள், உங்களைக் கேள்விப்படாமலேயே இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்துபவர்கள் என மூவகையினரும் அதில் இருக்க வேண்டும். இரண்டாம் வகையினர் கிடைப்பது கடினம். ஆனால் அவர்களிடமிருந்துதான் அதிகம் கிடைக்கும். ‘எங்கள் தளம் எப்படி இருக்கிறது?’ என்றோ, ‘இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?’ என்றோ தயவுசெய்து கேட்காதீர்கள். நம்மவர்கள் முகதாட்சண்யத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது இப்படி ஒன்றை ஏற்பாடு செய்தீர்கள், யார் சொல்லிச் செய்தீர்கள், எங்கே தேடினீர்கள், யாரிடம் ஒப்புதல் வாங்கினீர்கள், எந்த இடத்தில் தடைப்பட்டது என்று வரிசையாகக் கேட்டால், அவருடைய மேலாளர், கணக்குப் பிரிவு கேட்கும் ஜிஎஸ்டி பில், அலுவலக லேப்டாப்பில் எதையும் நிறுவ முடியாத கட்டுப்பாடு எனப் பல தானாக வெளியே வரும். உங்கள் பக்கத்தின் இணைப்பை அவர் மேலாளருக்கு அனுப்பிவைக்கிறார் என்று தெரியவந்தால், அந்தப் பக்கத்தை இரண்டாவதாகப் படிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் புலப்படும்.

அடுத்து, பார்க்க வேண்டும். திரையைப் பகிரச் சொல்லி, ஒரு வேலையைக் கொடுங்கள்: ‘உங்கள் குழுவில் நாற்பது பேர், பன்னிரண்டு பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், வரும் வெள்ளிக்கிழமை நடத்த முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கண்டுபிடியுங்கள்.’ மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது உதவக் கை துறுதுறுக்கும், பேசாமல் இருங்கள். நீங்களே உருவாக்கிய தளத்தில் ஒருவர் திணறுவதை வாய்மூடிப் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி என்பது என் எண்ணம். தளத்தில் ‘மாலை 4 மணி’ என்று மட்டும் இருந்தால், அது சிங்கப்பூரில் 6.30 என்பதை அவர் விரல்விட்டு எண்ணுவதை அப்போது நீங்களே காண்பீர்கள்.

கேள்வி: ஒரு தளத்தில் பயனர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டறிய ஐந்து பேரைக் கவனித்தால் போதும் என்கிறார்கள். கூகுள் படிவம் அனுப்பினால் இருநூறு பேரின் கருத்தே கிடைத்துவிடுமே? ஐந்து பேரை வைத்து எப்படி முடிவு செய்வது?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: இருநூறு பேரின் கருத்து வேறு, ஐந்து பேரின் தடுமாற்றம் வேறு. எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்று எண்ண வேண்டுமானால் ஐந்து போதாது. எந்த இடத்தில் கால் இடறுகிறது என்று கண்டறிய அதிகம் பேர் தேவையில்லை.

அந்த ‘ஐந்து’, மென்பொருள்களைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராய்ந்த யேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில், ஒரு பயனரைக் கவனித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தென்பட்டன. அடுத்தவர் காட்டுவதில் ஒரு பகுதி ஏற்கெனவே பார்த்ததாகவே இருக்கும் என்பதால், மூவருக்குள் மூன்றில் இரண்டு பங்கும், ஐவருக்குள் ஏறத்தாழ 85 சதவீதமும் வெளிப்பட்டுவிடும். இந்த 31 ஒரு சராசரியே. உங்கள் தளத்தில் குறைவாகவும் இருக்கலாம். மேலும், ஐவரும் ஒரே வகைப் பயனராக இருக்க வேண்டும். ஏற்பாட்டாளர் மூவரையும் விளையாடுபவர் இருவரையும் சேர்த்து ஐந்தாக்கினால் கணக்கு நிற்காது. பதினைந்து பேர் கிடைத்தால் எல்லோரையும் ஒரே வாரத்தில் செலவழித்துவிடாமல், ஐந்து பேரைப் பார்த்து, திருத்தி, அடுத்த ஐந்து பேரிடம் திருத்தியதைக் காட்டி, மீண்டும் திருத்துவதே நீல்சன் பரிந்துரைத்த முறை.

எண்தான் வேண்டுமென்றால், ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் என்னும், பயன்படுத்த எளிதா என்று அளக்கும் பத்து வாக்கிய வினாப்பட்டியலைப் பழைய தளத்துக்கும் புதியதற்கும் கொடுத்துப் பாருங்கள். அதில் ஒரு வாக்கியம் தளத்தைப் புகழ்ந்தால் அடுத்தது குறை சொல்லும். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடும் தாட்சண்யக்காரரின் மதிப்பெண் நூற்றுக்கு 50-தான் வரும். பொதுவாகச் சராசரி என்று கொள்ளப்படுவது 68; ஆகவே 60 வாங்கிவிட்டு முதல் வகுப்பு என்று மகிழ்ந்துவிடாதீர்கள், அது சதவீதம் அல்ல.

பேச்சையும் திரையையும் பதிவு செய்வதானால் எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று சொல்லி முன்பே ஒப்புதல் பெறுங்கள். கவனித்துப் பார்க்க அழைத்தவரின் நேரத்துக்கு ஒரு சிறு தொகையும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அலுவலகங்களுக்கு இணையவழி வினாடிவினா நடத்துகிறேன். தளத்தில் மன்னார்குடி முகவரியைப் போட்டால் பெரிய நிறுவனங்கள் தயங்கும், சென்னையில் இருக்கும் உறவினர் முகவரியைப் போடு என்கிறார் பங்குதாரர். என்ன செய்யலாம்?
— வாசகர், மன்னார்குடி

பதில்: மன்னார்குடி முகவரியையே போடுங்கள், நீங்கள் இல்லாத இடத்தின் முகவரியைப் போடுவது ஆய்வுக்கு உரிய கேள்வியே அல்ல. தயக்கம் உண்மையில் வருகிறதா, எதனால் வருகிறது என்பதை மட்டும் பயனரிடம் பாருங்கள். பக்கத்தைக் காட்டும்போது முகவரியைப் பற்றி நீங்களாக வாய் திறக்க வேண்டாம். யாரும் அதைக் கவனிக்கவில்லை என்றால் பிரச்சினை உங்கள் பங்குதாரரின் மனத்தில்தான் இருக்கிறது. ஒருவேளை, ‘நடுவில் கரண்ட் போனால்?’ என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் நம் பகுதி எத்தனை நாள் இருளில் கிடந்தது என்பது உங்களுக்கே தெரியும். இன்வெர்ட்டர், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு, வேறு ஊரிலிருந்து தொகுக்கத் தயாராக இருக்கும் ஒருவர் ஆகிய ஏற்பாடுகள் உங்களிடம் இருந்தால், அவற்றைப் பதிவுப் பொத்தானுக்கு அருகிலேயே இரண்டு வரியில் எழுதுங்கள். இல்லையென்றால், இணையதளத்தைத் தொடும் முன் அவற்றைச் செய்துகொள்ளுங்கள்.