இன்னும் அங்கேதான் வேலையா?

மான்செஸ்டருக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி: “இண்டர்வியூவில் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றேன். ‘ஏன் விட்டீர்கள்?’ என்கிறார்கள். நான் விடவே இல்லையே! ‘ஹேவ்’ எங்கே வரும், எங்கே வராது?”

தம்பி, அவர்கள் கேட்டது சரிதான். ‘ஹேவ்’ இல்லாமல் வெறும் ‘வொர்க்ட்’ என்றாலே இங்கே முடிந்த கதை. இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் ‘ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’. நாம் ‘மூணு வருஷமா வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியவர்கள். அதனால் ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று வாயில் வந்துவிடும். அது தப்புதான், ஆனால் விஷயம் புரிந்துவிடும். ‘வொர்க்ட்’ அப்படியில்லை, அர்த்தத்தையே மாற்றிவிடும்.

உடம்பு சரியில்லாதபோது இன்னும் கவனம் வேண்டும். ஜிபி சர்ஜரிக்கு, அதாவது நம் பகுதி டாக்டரின் கிளினிக்குக்கு, போன் செய்து ‘ஐ ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்றால், காய்ச்சல் விட்டுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இன்னும் கொதிக்கிறது என்றால் ‘ஐவ் ஹேட்’. போனில் அந்த ‘வ்’ அமுங்கிப்போகும். ‘ஐ ஹேவ் ஹேட்’ என்று நிறுத்தியே சொல்லுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்புறம், ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’, ‘இன் 2019’ என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வராது. இதில் தமிழை நம்பிப் போகாதீர்கள். ‘தாஜ்மகால் பார்த்திருக்கிறேன்’ என்பது ‘ஐ ஹேவ் சீன்’ உடன் அழகாகப் பொருந்தும். ஆனால் ‘அவர் நேற்றே வந்திருக்கிறார்’ என்பதை அப்படியே ‘ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே’ ஆக்க முடியாது. ‘ஹி கேம் யெஸ்டர்டே’தான்.

இண்டர்வியூவில் ‘டெல் மி அபவுட் எ டைம்’ என்று தொடங்கி அனுபவம் கேட்பார்கள். ‘ஐ ஹேவ் ஹேண்டில்ட் திஸ் பிஃபோர்’ என்று ‘ஹேவ்’ போட்டு ஆரம்பியுங்கள். சம்பவத்துக்குள் நுழைந்ததும் ‘வி லாஸ்ட் தி சர்வர், ஐ கால்ட் தி கிளையண்ட்’ என்று ‘ஹேவ்’ இல்லாமலே போய்விடுங்கள். இங்கத்திய செய்தி வாசிப்பைக் கவனியுங்கள், முதல் வரியில் ‘ஹேஸ் ரிசைண்ட்’ என்பார்கள், அடுத்த வரியிலேயே ‘அனவுன்ஸ்ட் திஸ் மார்னிங்’.

ஆபீஸ் காலில் அமெரிக்கர் யாராவது ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று கேட்டால் குழம்பாதீர்கள். அவர்கள் ஊரில் அது சகஜம். இங்கே ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்பதுதான் வழக்கம்.