புது நாற்காலி வாங்கியும் தோள்வலி: குறை எதில்?

கேள்வி: வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன். முதுகுவலிக்காக, தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்ட், இடுப்புக்கு லம்பார் சப்போர்ட் எல்லாம் உள்ள ஆபீஸ் சேர் வாங்கினேன். முதுகு பரவாயில்லை, ஆனால் இப்போது தோளும் கழுத்தும் வலிக்கின்றன. என் உயரம் 155 செ.மீ. மேசை பழையதுதான். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் விலை கூடியதாக வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எனக்குச் சந்தேகம் மேசை மேல்தான். சாதாரண மேசைகள் 73 முதல் 75 செ.மீ. உயரத்தில் வருகின்றன. பாதம் தரையில் படியும்படி நீங்கள் உட்கார்ந்தால், உங்கள் முழங்கை மேசை மட்டத்துக்கு நன்றாகக் கீழே நிற்கும். கீபோர்டை எட்டுவதற்காக உங்களை அறியாமலே தோளைத் தூக்கிக்கொள்வீர்கள். நாள் முழுக்க அப்படியே இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? எவ்வளவு விலை கொடுத்து நாற்காலி வாங்கினாலும் இது தீராது.

இப்படிப் பாருங்கள். இடுப்பு முதுகுச் சாய்வில் முட்டும்வரை பின்னால் தள்ளி உட்கார்ந்து, தோளைத் தளர விட்டு, முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்குங்கள். முழங்கை நிற்கும் மட்டத்தில்தான் கீபோர்டும் இருக்க வேண்டும். மேசையைத் தாழ்த்த முடியாது என்றால் நாற்காலியை அந்த அளவுக்கு ஏற்றுங்கள். ஏற்றினால் கால் தொங்கும். இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்திக் கால் மரத்துப்போகும். அதற்குக் கால் வைக்கும் பலகையோ, ஆடாத கெட்டியான பெட்டியோ போதும். பாதம் முழுவதும் அதில் படிய வேண்டும், நுனிக்கால் மட்டும் பட்டால் பயனில்லை.

அடுத்தது கைப்பிடி. பலருக்கும் வலியைக் கொடுப்பதே இதுதான். கைப்பிடி மேசை விளிம்பில் இடித்தால் நாற்காலி உள்ளே போகாது. நீங்கள் முன்னால் குனிந்து எட்டி டைப் செய்வீர்கள். இடிக்காத அளவுக்கு இறக்குங்கள், இறங்காவிட்டால் கழற்றியே விடுங்கள். பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் வந்துவிடும்.

கழுத்து வலிக்குக் காரணம் லேப்டாப். திரையும் கீபோர்டும் ஒன்றாகவே இருப்பதால், கை சரியான இடத்தில் இருந்தால் கழுத்து குனியும், கழுத்தை நிமிர்த்தினால் கை உயரும். தனி கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொண்டு, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை உயர்த்தி, கையை நீட்டினால் தொடும் தூரத்தில் வையுங்கள். இருநோக்கு (பைஃபோகல்) கண்ணாடி போடுபவர் என்றால் திரையை இன்னும் சற்றுத் தாழ்த்த வேண்டும், இல்லையேல் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்க்க நேரும். புது நாற்காலிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதில் செலவிடுங்கள். டைப் செய்யும்போது ஹெட்ரெஸ்டால் பெரிய உபயோகம் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு காரணம் உண்டு. பின்னால் தள்ளி உட்கார்ந்தபடி, முழங்காலின் உட்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரலை நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் இருக்கை உங்களுக்கு நீளம். விளிம்புக்கு வந்துதான் உட்காருவீர்கள். லம்பார் சப்போர்ட் முதுகைத் தொடவே தொடாது. இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதி இருந்தால் நகர்த்துங்கள். இல்லையென்றால் தாமதிக்காமல் திருப்பிவிடுங்கள். முதுகுக்குத் தலையணை வைப்பது தற்காலிகத்துக்குச் சரி, காசு கொடுத்து வாங்கியவர் அதோடு திருப்திப்பட வேண்டியதில்லை.

அப்புறம், முதுகுச் சாய்வை நேராகப் பூட்டி வைக்காதீர்கள். இருக்கைக்கும் சாய்வுக்கும் இடையே 100, 110 டிகிரி இருக்கும் அளவுக்குச் சாய்ந்தால் முதுகுக்குச் சுமை குறையும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். வலி கையில் இறங்கினாலோ விரல் மரத்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ‘பிஃப்மா’ சான்று உள்ள நாற்காலி என்றால் முதுகுக்கு நல்லது என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பதில்: பிஃப்மா (BIFMA) என்பது ஆபீஸ் ஃபர்னிச்சர் தயாரிப்பாளர்களின் அமெரிக்கச் சங்கம். அதன் தரவிதிப்படி நடக்கும் சோதனை முக்கியமாகப் பார்ப்பது உறுதியையும் பாதுகாப்பையும்: சாயாமல் நிற்கிறதா, பாரம் தாங்குகிறதா, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் உடைகிறதா என்று. இருந்தால் நல்லதுதான். ஆனால் உங்கள் உடம்புக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது. கடையில் கால் மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். மெத்தை மெதுவாகத்தான் அமுங்கி அடிப்பலகையைக் காட்டும். உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட்டுக்கும் சக்கரத்துக்கும் வாரன்ட்டி தனியாக எத்தனை ஆண்டு என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். டைல்ஸ் தரைக்கு மெத்தென்ற ரப்பர் சக்கரம், கம்பளத்துக்குக் கெட்டிச் சக்கரம். நாற்காலியின் பாகங்களை இணைத்துப் பூட்டிய பிறகு திருப்பி எடுப்பார்களா என்பதையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். திருப்பும் கெடு முடியும்வரை அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.