கோல்ஃபில் 'சீனியர் டூர்' என்றால் என்ன? 50 வயதுக்கு மேல் அங்கே யாராவது சாதித்திருக்கிறார்களா?

50 வயதைத் தாண்டிய தொழில்முறை வீரர்கள் பரிசுப் பணத்துக்காகத் தங்களுக்குள் மோதும் தொடர்தான் சீனியர் டூர். அமெரிக்காவில் 1980இல் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனைப் பாருங்கள். மெல்போர்ன்காரர். கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்றவர். ஆனால் அமெரிக்க மண்ணில், வழக்கமான டூரில் அவருக்கு ஒரே ஒரு வெற்றிதான், 1956இல். அப்புறம் 1982இல் விக்டோரியா மாநிலத் தேர்தலில் நின்று தோற்றார். (நல்லவேளை என்றே சொல்வேன்!) 1985இல், அதே அமெரிக்காவில், சீனியர் டூரில் ஒரே ஆண்டில் ஒன்பது பட்டங்கள்!

எப்படி? வயதானால் பந்து போகும் தூரம் குறையும். கணிப்பு அவ்வளவு சீக்கிரம் குறையாது. தாம்சன் முதலிலிருந்தே பலத்தை நம்பியவர் அல்ல. எங்கே விழுந்தால் பந்து எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டு ஆடுவார். கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர் மாதிரி: அண்டாவைத் தூக்க ஆள் வேண்டியிருக்கும், உப்பு மட்டும் கை தப்பாது.

சீனியர் டூர் என்றால் ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பணத்துக்கான நிஜப் போட்டிதான்; 1985இல் அங்கே பரிசுப் பணப் பட்டியலில் தாம்சன்தான் முதலிடம்.